பஸ் திரும்பும் இடத்தில் ஒரு பத்திரிகை

ஊட்டியில் இறங்கியதும் அடுத்தடுத்து ஏழு தும்மல் போட்டேன். எனக்கு ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஊரில் ஜூலை மாதம் குடை பிடித்தால் அது வெயிலுக்கு. இங்கே ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் குடை என்று அடுக்கிக்கொண்டும் சாரல் எங்கிருந்தோ கழுத்துக்குள் புகுந்துவிட்டது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். கூட இரண்டு வர்க்கி, தொட்டால் உதிரும் ஊட்டி பிஸ்கட். கடித்தேன். பாதி வாய்க்குள், பாதி சால்வை மேல்.

"முக்கித் தின்னுங்க. வெளியூருங்களா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வர்க்கிதான் சொல்லுதே."

நான் வந்தது ஊர் சுற்ற அல்ல. நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தி சேகரிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுக்கிறது. ஒரு வருடப் பயிற்சி. முடிவில் அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே ஒரு பத்திரிகை நடத்த வேண்டும். இந்த வருடம் நீலகிரியில் மூன்று பள்ளிகள். தேர்ந்தெடுக்க வேண்டியது நான். கையில் சென்னையில் தயாரித்த ஒரு பட்டியல். தலைப்பு, "வசதி குறைந்த பள்ளிகள்". அடியில் நிபந்தனைகள்: கூட்ட அறை இருக்க வேண்டும், இணைய வசதி இருக்க வேண்டும், ஊட்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

செய்தித்தாள் ஒன்றில் பல வருடம் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவள் நான். தலைப்பும் செய்தியும் ஒன்றோடொன்று சண்டை போட்டால் எனக்குக் கை அரிக்கும். இந்தப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

பட்டியலின் முதல் பள்ளிக்கு அன்றைக்கே போனேன். நகரத்தை ஒட்டிய பள்ளி. வாசலில் சந்தனம், கற்கண்டு. அறை முழுக்க இஸ்திரி போட்ட பிள்ளைகள். ஒரு பெண் எழுந்து, பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து உட்கார்ந்தாள். கை தட்டினேன். பிறகு கேட்டேன், "போன வாரம் உங்க தெருவுல என்ன நடந்துச்சு?"

அவள் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் உதட்டை அசைத்தார். அந்த அசைவு என்னவென்று பிடிபடாமல் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சிலருக்கு ஸ்வெட்டர் இல்லை. அவர்களை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்றேன். "அவங்க கொஞ்சம் ஸ்லோ மேடம். உங்க டைம் வேஸ்ட் ஆயிடும்" என்றார் ஆசிரியர்.

நான் ஆறாவது படிக்கையில், எங்கள் பள்ளிக்கு அதிகாரி வரும் நாளில் செருப்பில்லாத பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்கள். அந்த மரத்துக்கு நான் ஊற்றிய தண்ணீருக்கு அது இந்நேரம் காடாகியிருக்க வேண்டும். வராந்தாப் பிள்ளைகளிடம் போய்ப் பெயர் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பாடு, மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஒரு பாய் கடையில். நெய்ச்சோறும் தால்ச்சாவும். தட்டிலிருந்து ஆவி எழும்பி என் மூக்கடைப்பைத் திறந்துவிட்டது. கல்லாவில் இருந்த பாய், எந்தப் பள்ளிக்குப் போய்வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அந்த ஸ்கூலுங்களா? அங்க வராத ஆளே இல்லீங்களே. போன மாசம்தான் ஒரு குரூப்பு வந்து கம்ப்யூட்டர் குடுத்துட்டுப் போச்சு. நம்ம கடையிலதான் சாப்புட்டாங்க."

"அப்ப யாருமே வராத ஸ்கூல் எதுங்க பாய்?"

கொஞ்சம் யோசித்தார். "பஸ் எங்க போயித் திரும்புதோ அங்க போங்க மேடம். அதுக்கு முன்னால இருக்கற ஸ்கூலுக்கெல்லாம் யாராச்சும் வந்திருப்பாங்க."

பட்டியலைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் இதை எழுதினேன். எனக்குத் தேவையான ஒரே நிபந்தனை அதுதான்.

இரண்டாம் நாள் மசினகுடி. கல்லட்டி இறக்கத்தில் மினி பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்ப, எனக்குள் காலை இட்லி எதிர்ப்பக்கம் திரும்பியது. பாதி வழியில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "எறங்கி மொகம் கழுவிட்டு வாங்கக்கா, யானை இல்ல, பயப்படாதீங்க" என்றார். யானை பற்றி அதுவரை நான் நினைக்கவே இல்லை. அதன் பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை.

கீழே குளிர் இல்லை. காய்ந்த புல்லும் புதர்க்காடும். எங்கள் சீமைக்கருவேலங்காட்டை நினைத்துக்கொண்டேன். பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போன பள்ளியில், பிள்ளைகளின் அப்பாக்கள் ஜீப் ஓட்டுகிறார்கள், அம்மாக்கள் ரிசார்ட்டுகளில் அறை பெருக்குகிறார்கள். ஊட்டியில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி ஆசிரியரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கூருக்கு வர்றவங்க எல்லாம் எங்ககிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க மிஸ். யானை எங்கன்னு. நாங்க எங்க இருக்கறோம்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் வேற கேள்வி கேக்கறீங்க."

தலைமை ஆசிரியர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பள்ளி முடிந்தது. இப்படியே போனால் மூன்று நாளில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் எமரால்டு பஸ்ஸில் ஏறினேன். அணைக்கும் அப்பால், தேயிலைத் தோட்டங்களுக்குள் போய்த் திரும்பும் பஸ். எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் படுகு மொழியில் பேசி, என் காலைப் பார்த்து, சிரித்து, மறுபடி பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை. "இந்த செருப்பப் போட்டுக்கிட்டு இந்தம்மா எவ்ளோ தூரம் போயிருமுன்னு பேசிக்கறாங்க."

அதிக தூரம் போகவில்லை. வழியில் ஒரு கற்பூர மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் அங்கேயே நின்றுவிட்டது. கடைசி நிறுத்தம் இன்னும் அரை மணி நடை. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவில் குறுக்குப்பாதை பிடித்தேன். வளைவில் ஒரு காட்டெருமை நின்றது. கறுப்பு லாரி மாதிரி. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அசைபோட்டது.

"ஓடாதீங்க! அப்படியே நில்லுங்க!"

மேலே செடிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. தலையில் பிளாஸ்டிக் தாள், முதுகில் சாக்கு, முப்பத்தைந்து வயது இருக்கும். இறங்கி வந்து என் கையைப் பிடித்து, எருமைக்கு மேற்பக்கமாகச் செடிகளுக்குள்ளே சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் செல்வி. கொழுந்து எடுப்பவள்.

"எங்க போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைகளுக்குப் பத்திரிகை எழுதக் கத்துக்கொடுக்கலாம்னு."

நின்றுவிட்டாள். அப்புறம் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "அங்க ஏற்கனவே எழுதிட்டாங்க. அதுனாலதான் இவ்வளவு பிரச்சனையும்" என்று சொல்லிவிட்டு, கங்காணி பார்த்துவிடுவார் என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் பஸ் திரும்பும் மைதானத்தை ஒட்டி இருந்தது. மூன்று அறை, எட்டாம் வகுப்பு வரை. தலைமை ஆசிரியை கலைவாணிக்குக் காரமடை. வாரத்துக்கு ஆறு நாள் மலையில், ஒரு நாள் வீட்டில். நான் வந்த விஷயத்தை முழுக்கக் கேட்டார். என் வெறுங்காலைப் பார்த்து, தன்னுடைய ரப்பர் செருப்பை எடுத்து வைத்தார். பிறகு, "வேண்டாங்க மேடம்" என்றார்.

"ஏன்?"

"நீங்க கோவிச்சுக்காதீங்க. புள்ளைங்களே ஒண்ணு பண்ணாங்க. சார்ட் பேப்பர்ல எழுதி வெளிய ஒட்டுனாங்க. தோட்டச் செய்தின்னு பேரு. மொத ரெண்டு வாட்டி கிரிக்கெட், கோயில் திருவிழான்னு போச்சு. மூணாவது வாட்டி நந்தினின்னு ஒரு புள்ள, ஏழாவது படிக்குது, எஸ்டேட்ல புள்ளக்காம்பராவை மூடிட்டதப் பத்தி எழுதிருச்சு."

பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொல். அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை அங்கே விடுவார்கள். அதை மூடிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? வீட்டில் மூத்த பெண் பிள்ளை. அவள் பள்ளிக்கு எப்படி வருவாள்? நந்தினி எழுதியது அவ்வளவுதான். யார் யார் எத்தனை நாள் வரவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கிறாள்.

"மறுநாளே பீல்டு ஆபீசரு வந்து கிழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. அப்பறம் எனக்கு மேல இருந்து போன். எஸ்டேட்டுதான் ஸ்கூலுக்குத் தண்ணி குடுக்குது, உங்களுக்கு எதுக்கு வம்புன்னாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? ஒட்ட வேண்டாமுன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நந்தினி இருக்காளா?"

கலைவாணி வருகைப்பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நந்தினியின் வரிசை முழுக்கச் சுழி. "அந்தப் புள்ள எழுதுன விஷயம் அந்தப் புள்ளைக்கே ஆகிப்போச்சுங்க" என்றார்.

மத்தியான இடைவேளையில் லைன் வீடுகளுக்குப் போகலாமா என்றேன். அவர் தயங்கினார். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு, "நானும் வர்றேன். அந்தப் புள்ளையப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கதவுகள். ஐந்தாவது கதவில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு நின்றிருந்தாள். உள்ளே அடுப்படியில் காலையில் என்னைக் காட்டெருமையிடமிருந்து காப்பாற்றிய செல்வி. நந்தினியின் அம்மா அவள்தான். குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடி வந்திருக்கிறாள்.

"உக்காருங்க. சாயத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பால் இல்லாத தேநீரும், தேங்காய் போட்டுத் தட்டிய ரொட்டியும், மிளகாய்ச் சம்பலும் வைத்தாள். தேயிலை விளையும் ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல தேநீர் அது ஒன்றுதான். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று அவர்களை நம்பவைத்தேன்.

சார்ட் ஒட்டிய மறு வாரம் செல்வியை மேல் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பு வீட்டுக்கு வர ஐந்து நிமிடம், பக்கத்து வீட்டில் விட்ட குழந்தையை அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வாள். இப்போது மேலே ஏறி இறங்கவே இடைவேளை முடிந்துவிடுகிறது.

"பிள்ளையைத் திட்டலையா?" என்றேன்.

"எதுக்குத் திட்டணும்? பொய்யா எழுதுனா? என் பேரையும் போடுடின்னு நான்தான் சொன்னேன்" என்றாள் செல்வி. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு மகளிடம் கொடுத்தாள். "கஷ்டம்தான். அதுக்காக எழுதுனதை இல்லைன்னு சொல்ல முடியுமா?"

நான் நந்தினியிடம், "கிழிச்சிட்டாங்கன்னு வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார்ட்டைத்தானே கிழிச்சாங்க. நோட்டு எங்கிட்டதான் இருக்கு."

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பள்ளிக்கு வராத பெண்களின் பெயர், நாள், காரணம். நாங்கள் போன அன்றைய தேதி வரை எழுதியிருந்தாள். குழந்தை தூங்கும் நேரத்தில் லைன் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். பின்பக்கங்களில், அவள் கேள்வி கேட்ட பெரியவர்கள் சொன்ன பதில்கள். கங்காணி: "எனக்குத் தெரியாது." ஆபீஸ் கிளார்க்: "அப்புறம் வா." மூன்றாவதாக, தலைமை ஆசிரியை: "இப்ப எதுவும் சொல்ல முடியாது. போய்ப் படி."

கலைவாணி அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். மைதானத்துக்குத் திரும்பினோம். மரத்தை அறுத்துப் போட்டு, பஸ் வந்து நின்றிருந்தது. நான் ஏறும்போது, "நாளைக்கு வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் லாட்ஜிலிருந்து எங்கள் இயக்குநருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கவலைப்படுவதையே வேலையாக வைத்திருப்பவர்.

"அது சிக்கலான ஸ்கூல் மாதிரி தெரியுதே. நமக்கு எதுக்கு எஸ்டேட்டோட பகை?"

"நாம ஒரு வருஷம் பாடம் நடத்தி எங்க கொண்டுபோய் நிறுத்தணும்னு எழுதி வச்சிருக்கோமோ, அங்க ஒரு பிள்ளை தானா வந்து நிக்குது சார். அதைச் சிக்கல்னு சொல்றீங்க."

"ஹால் இல்ல. இன்டர்நெட் இல்ல. ஒரு மணி நேரத்துல போகவும் முடியாது."

"ஆமா. அதனாலதான் அதுக்குப் பேரு வசதி குறைந்த பள்ளி."

"நீங்க அறிக்கையை அனுப்புங்க. முடிவு நான் எடுக்கறேன்."

"அனுப்பறேன். அதுல இந்தப் பள்ளி முதல்ல இருக்கும். எடுத்துட்டீங்கன்னா என் கையெழுத்தையும் சேர்த்து எடுத்துடுங்க."

போனை வைத்தேன். இந்த வயதில் இன்னொரு வேலை தேடுவதை நினைத்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் பட்டியலைப் பார்த்ததிலிருந்து இருந்த கை அரிப்பு நின்றுவிட்டது. எதிரே பேக்கரியில் சூடாக ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினேன்.

நான்காம் நாள் பஸ் ஒழுங்காகப் போனது. பள்ளி வாசலிலேயே கலைவாணி நின்றிருந்தார்.

"ஒரு நிபந்தனைங்க மேடம். உங்க ஆபீஸ் இதுக்குப் பொறுப்புன்னு லெட்டர் குடுங்க. நாளைக்கு எவனாச்சும் வந்தா, மொத கேள்வி உங்களக் கேக்கட்டும், ரெண்டாவது என்னயக் கேக்கட்டும். புள்ளைங்களக் கேக்கக் கூடாது."

அப்படி ஒரு கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பதவியையும் கீழே எழுதினேன். அவர் அதன் அடியில் தன் கையெழுத்தையும் போட்டு, பள்ளி முத்திரையைக் குத்தினார். அழுத்திக் குத்தியதில் மேசை ஆடியது.

நந்தினி உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. "அவனையும் தூக்கிட்டு வாடின்னு சொல்லிட்டேனுங்க. எந்த ரூல்ஸ்ல இல்லைன்னு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் கலைவாணி. இன்னும் இரண்டு மாணவிகள் வீட்டுக் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நான் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர் குழு பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு உறுப்பினரின் தம்பி சாக்பீஸைத் தின்றது அங்கேதான்.

பேசினோம். பள்ளிக்கு வராத பெண்களின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று பெரிய சண்டை. போடாவிட்டால் பொய் என்பார்கள் என்றாள் நந்தினி. போட்டால் எங்கள் அம்மாவையும் மேல் டிவிஷனுக்கு மாற்றுவார்கள் என்றாள் இன்னொருத்தி. நான் எதுவும் சொல்லாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். கடைசியில் அவர்களே முடிவு செய்தார்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வகுப்பும் நாளும் போதும். பதில் சொல்ல வேண்டிய பெரியவர்களின் பெயர் மட்டும் கட்டாயம்.

அப்போது வெளியே பைக் சத்தம். மழைக்கோட்டும் தொப்பியுமாகப் பீல்டு ஆபீசர் உள்ளே வந்தார்.

"யாருங்க மேடம் நீங்க? எஸ்டேட்டுக்குள்ள வர்றதுக்கு பர்மிஷன் வாங்கினீங்களா?"

"நான் அரசுப் பள்ளிக்கு வந்திருக்கேன். தலைமை ஆசிரியர்கிட்ட வாங்கியிருக்கேன்."

"நான்தான் குடுத்தேனுங்க" என்றார் கலைவாணி. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நந்தினி எழுந்தாள். குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். நோட்டைத் திறந்தாள்.

"சார், புள்ளக்காம்பராவை எப்ப தெறப்பீங்க?"

"படிக்கற புள்ள உனக்கு எதுக்கு இந்த வேல?"

"அதைத்தான் சார் எழுதியிருக்கேன். படிக்க வர முடியல."

அவர் எங்களைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த இடத்தில் யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றுப்போவார்கள் என்று தோன்றியது. கலைவாணிதான் பேசினார். அவர் தோற்கவில்லை.

"பதில் சொல்லுங்க சார். புள்ள பேனாவப் புடிச்சுட்டு நிக்கிறா."

"அதெல்லாம் மேல இருந்து வரணும்மா. எப்பன்னு எனக்கே தெரியாது."

நந்தினி எழுத எழுதச் சத்தமாகப் படித்தாள். "மேல, இருந்து, வரணும். எப்பன்னு, எனக்கே, தெரியாது." நிமிர்ந்தாள். "உங்க பேரு சார்?"

"என் பேரெல்லாம் எதுக்கு?" என்று அவர் வேகமாக வெளியே போய் பைக்கை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. "அவரு பேரு தனசேகரன்" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை சொன்னது. நந்தினி அதையும் எழுதிக்கொண்டாள்.

"இந்த வாட்டி சார்ட் வேண்டாங்க" என்றார் கலைவாணி. "செவுத்துலயே எழுதுவோம். எப்படிக் கிழிக்கறாங்கன்னு பாக்கறேன்." கரும்பலகைக்கு அடித்தது போக மீதி இருந்த பெயின்ட்டை எடுத்துவந்து, மைதானத்தைப் பார்த்த வெளிச்சுவரில் அவரே அடித்தார். புடவையெல்லாம் கறுப்பு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். செல்வியும் சாக்கோடு நின்றாள். பிளாஸ்டிக் தாளை எடுத்து, காயாத சுவரில் சாரல் படாமல் பிடித்துக்கொண்டாள். மற்ற பெண்களும் தங்கள் தாள்களை எடுத்தார்கள்.

மறுநாள் சோலூர்ப் பக்கம் கேரட் தோட்டங்களுக்கு நடுவில் மூன்றாவது பள்ளியைப் பார்த்துவிட்டு, மலையிறங்கினேன். மேட்டுப்பாளையம் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். காலில் இன்னும் கலைவாணியின் ரப்பர் செருப்பு.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். மூன்று பள்ளியும் சரி என்றார். "அந்த லெட்டரை என்னைக் கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"சொல்லியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

சுவரில் செய்தி வந்து மூன்று வாரத்தில், காலியாகக் கிடந்த ஒரு லைன் வீட்டைச் சுத்தம் பண்ணி, ஓர் ஆயாவைப் போட்டு, பிள்ளைக்காம்பரா என்று திறந்தார்கள். ஆனால் திறப்பது ஒன்பதரைக்கு. பெரட்டு என்று காலையில் ஆள் கணக்கெடுப்பது அதற்கு வெகு நேரம் முன்னால். நடுவில் குழந்தையை யார் பார்ப்பது என்று பிள்ளைகள் அடுத்த இதழில் கேட்டிருக்கிறார்கள். செல்வி இன்னும் மேல் டிவிஷனில்தான் இருக்கிறாள். அது பற்றியும் ஒரு செய்தி தயாராகிறதாம். நந்தினி இப்போது தாமதமாகத்தான், ஆனால் தினமும் வருகிறாள்.

போன வாரம் கலைவாணி போனில் ஒரு படம் அனுப்பினார். பீல்டு ஆபீசர் பள்ளிக்கு வந்தாராம். தன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள், தனசேகரன் என்பவர் வேறு டிவிஷனில் இருக்கிறார், அவர் சண்டைக்கு வருகிறார், உடனே அழிக்க வேண்டும் என்றாராம். அழிக்க மாட்டோம், திருத்தம் போடுகிறோம் என்று நந்தினி சொன்னாளாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புச் சுவர். வெள்ளைச் சாக்பீஸ். நேரான, பெரிய எழுத்து.

"திருத்தம்: சென்ற இதழில் பீல்டு ஆபீசரின் பெயரைத் தனசேகரன் என்று எழுதிவிட்டோம். தனசேகர் என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறோம். அவர் சொன்ன பதிலில் மாற்றம் எதுவும் இல்லை."